எண்பது வெள்ளி கிட்டாருக்கு நல்ல குரல் வருமா?

கிளமெண்டியில் நான் குடியிருக்கும் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு மாலை கிட்டார் சத்தம் கேட்டது. வாசித்துக்கொண்டிருந்தவர் உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவி. தீபாவளி அன்பளிப்புப் பணத்தையும் கைச்செலவில் மிச்சம் பிடித்ததையும் சேர்த்து எண்பது வெள்ளிக்குப் புதிதாக வாங்கிய கிட்டார் அது. “கீழே வாசித்தால் நன்றாக இருக்கிறது. வீட்டுக்குள் வாசித்தால் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் இருக்கிறது. தோழியின் கிட்டார் அப்படி இல்லை. என் கிட்டார் வீணா, சார்?” என்று கேட்டார்.

அவரிடம் இன்னும் நாற்பது வெள்ளி இருந்தது. அதற்குள் பலரும் பலவிதமாக யோசனை சொல்லியிருந்தார்கள். எலும்பில் செய்த பாகங்களை வாங்கு என்றார் ஒருவர். மரத்துக்கு எண்ணெய் பூசு என்றார் இன்னொருவர். ஒலிபெருக்கிக்கு முன்னால் இரவு முழுதும் வைத்தால் மரம் ‘திறந்துகொள்ளும்’ என்று வேறொருவர் சொன்னாராம். பள்ளி நிகழ்ச்சிக்கு ஆறு வாரம்தான் இருந்தது. பணத்தை எதில் போடுவது?

உங்களில் சிலருக்கும் இதே கேள்வி இருக்கலாம். கிட்டார் இல்லாதவர்களும் தொடர்ந்து படியுங்கள். அறிவியல் வகுப்பில் ஒலி பற்றிப் படிக்கும் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு பெட்டிக்குள் இருக்கிறது.

கம்பி மட்டும் பாடினால் கேட்காது

முதலில் ஒரு சிறு சோதனை. இசைக்கவையைத் தட்டிக் காற்றில் பிடியுங்கள். சத்தம் காதருகே வந்தால்தான் கேட்கும். அதன் காம்பை மேசைமீது ஊன்றுங்கள். அறை முழுதும் கேட்கும். மேசை புதிதாக ஆற்றல் எதையும் தரவில்லை. அதன் பரப்பு பெரிது என்பதால் அதிகக் காற்றை அசைக்கிறது, அவ்வளவுதான்.

கிட்டாரிலும் இதேதான் நடக்கிறது. கம்பி மெல்லியது. காற்றைக் கத்திபோல் வெட்டிக்கொண்டு போகுமே தவிர, அதிகம் தள்ளாது. கம்பியின் அதிர்வு முதலில் ‘சேடல்’ என்னும் சிறிய வெள்ளைத் துண்டுக்குப் போகிறது. அங்கிருந்து அதைத் தாங்கும் ‘பிரிட்ஜ்’ என்ற மரக்கட்டைக்கும், பிறகு மேற்பலகைக்கும் போகிறது. ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் கனமே உள்ள அந்தப் பலகைதான் காற்றைத் தள்ளி நமக்கு ஒலியைத் தருகிறது.

பெட்டிக்குள் உள்ள காற்றுக்கும் வேலை உண்டு. காலியான புட்டியின் வாயில் ஊதினால் ‘ஹூம்’ என்று ஓர் ஒலி வரும். புட்டிக்குள் இருக்கும் காற்று வில்சுருள்போல் சுருங்கி விரிவதால் வரும் ஒத்ததிர்வு அது. இதை 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. கிட்டாரின் வட்டத் துளையும் அதன் பெட்டியும் அப்படியொரு புட்டிதான். பெரும்பாலான கிட்டார்களில் இந்தக் காற்று ஒத்ததிர்வு 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். துளையை ஓர் அட்டையால் மூடிவிட்டுத் தடித்த கம்பியை மீட்டிப் பாருங்கள். அடித்தொனி மெலிந்துவிடும்.

ஆக, ஒலி ஒரு சங்கிலி வழியாக வருகிறது. விரல், கம்பி, சேடல், பிரிட்ஜ், பலகை, பெட்டிக் காற்று, அறை, கடைசியாகக் காது. இதில் எந்தக் கண்ணி பலவீனமாக இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகே பணப்பையைத் திறக்க வேண்டும்.

விலை குறைந்தால் எங்கே குறைகிறது?

விலை கூடிய கிட்டாரின் மேற்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் ஒற்றைப் பலகையாக இருக்கும். இந்த மரம் எடை குறைவானது. ஆனால் நார் ஓடும் திசையில் மிகவும் விறைப்பானது. எடை குறைவும் விறைப்பும் சேர்ந்தால் சிறிய விசைக்கே பலகை நன்றாக அதிரும்.

மலிவு கிட்டாரில் பெரும்பாலும் ஒட்டுப்பலகை இருக்கும். மெல்லிய மரத்தாள்களை, ஒன்றின் நார்த் திசைக்குக் குறுக்கே மற்றொன்று வரும்படி பசையால் ஒட்டிச் செய்வது அது. பசையும் தடித்த வண்ணப்பூச்சும் எடையைக் கூட்டுகின்றன. அதிர்வின் ஒரு பங்கு அங்கே வெப்பமாக மாறிவிடுகிறது.

இந்தக் கண்ணியை நாம் மாற்ற முடியாது. பலகையை மாற்றுவதும் புதுக் கிட்டார் வாங்குவதும் ஒன்றுதான். ஆனால் மலிவு கிட்டாரில் விலைக்காகச் சிக்கனம் செய்த வேறு சில இடங்களும் உண்டு. தொழிற்சாலையில் மாட்டிய கம்பிகள் கிடங்கிலும் கப்பலிலும் கடையிலும் பல மாதம் இருந்திருக்கும். சேடல் மென்மையான நெகிழியாக இருக்கும், பள்ளத்தில் சரியாகப் பொருந்தியும் இராது. கம்பிகள் தேவைக்கு மேல் உயரமாக இருக்கும். இவற்றை மாற்றலாம், அதுவும் குறைந்த செலவில்.

முதல் படி: புதுக் கம்பி

கம்பியை மீட்டும்போது ஓர் அதிர்வெண் மட்டும் எழுவதில்லை. அடிப்படை அதிர்வெண்ணுடன் அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேற்சுரங்களும் சேர்ந்தே எழுகின்றன. ஒரே சுரத்தை வாசித்தாலும் புல்லாங்குழலையும் கிட்டாரையும் நாம் பிரித்தறிவதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்த மேற்சுரங்களின் கலவை. ‘ஒலியின் தரம்’ என்று பாடநூலில் படிப்பது இதைத்தான்.

பழைய கம்பியில் வியர்வையும் உப்பும் ஈரமும் சேர்ந்து துரு பிடிக்கின்றன. தடித்த கம்பிகளில் எஃகு நடுக்கம்பிமேல் வெண்கலக் கம்பி சுற்றியிருக்கும். அந்தச் சுற்றுகளுக்கிடையே அழுக்கு புகுந்தால் உராய்வு கூடும். உயர்ந்த மேற்சுரங்கள்தான் முதலில் அடங்கும். மிஞ்சுவது மந்தமான ஒலி. மேலும் அழுக்கு ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் படிவதால் மேற்சுரங்கள் சரியான மடங்குகளாகவும் இருப்பதில்லை. அதனால் எவ்வளவு திருகினாலும் சுருதி சேராததுபோல் தோன்றும்.

புதுக் கம்பி ஒரு செட் பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கும். எந்தக் கனத்தில் வாங்குவது? இங்கே ஒரு கணக்கு போடலாம். கம்பியின் நீளம், இழுவிசை, நிறை ஆகியவற்றுக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள தொடர்பைப் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636இல் வெளியிட்டார். அதைத் திருப்பி எழுதினால் இப்படி வரும்: நீளத்தின் இரு மடங்கை அதிர்வெண்ணால் பெருக்கி, வர்க்கப்படுத்தி, ஒரு மீட்டர் கம்பியின் நிறையால் பெருக்கினால் இழுவிசை கிடைக்கும்.

கிட்டாரின் மிக மெல்லிய கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிரும் நீளம் 0.648 மீட்டர். அதிர்வெண் 330 ஹெர்ட்ஸ். 0.30 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுக் கம்பி ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.57 கிராம் இருக்கும். கணக்கிட்டால் இழுவிசை ஏறத்தாழ 105 நியூட்டன். பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட அரிசி மூட்டையை அந்த ஒற்றைக் கம்பியில் தொங்கவிட்டதற்குச் சமம். ‘லைட்’ என்று விற்கும் செட்டின் ஆறு கம்பிகளும் சேர்ந்தால் 70 கிலோவுக்கு மேல், அதாவது ஒரு பெரியவரின் எடை. உங்கள் கிட்டார் இரவும் பகலும் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

மெல்லிய கம்பியின் கனம் 0.25 மில்லிமீட்டராக இருந்தால் இழுவிசை ஏறத்தாழ 73 நியூட்டனாகக் குறையும். விரல் வலி குறையும், உரப்பும் சற்றுக் குறையும். தடித்த கம்பி பலகையை அதிக விசையோடு ஆட்டும். ஆனால் மலிவு கிட்டாரில் பிரிட்ஜைப் பிடித்திருப்பது பசைதான். அளவு மீறினால் அது பெயர்ந்து வரும். ஆகவே ‘லைட்’ அல்லது ‘எக்ஸ்ட்ரா லைட்’ போதும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. உங்கள் கிட்டாரில் இருப்பது நைலான் கம்பியா, எஃகுக் கம்பியா என்று முதலில் பாருங்கள். நைலான் கம்பிகளின் மொத்த இழுவிசை 40 கிலோவை ஒட்டியே இருக்கும். அதற்காகச் செய்த கிட்டாரில் எஃகுக் கம்பியை மாட்டினால் பலகை வீங்கும், கழுத்து வளையும். மாற்றும்போது கம்பியை நன்றாகத் தளர்த்திய பிறகே வெட்டுங்கள். இறுகிய கம்பி அறுந்தால் கண்ணை நோக்கி வரலாம். ஆய்வுக்கூடத்தில் அணியும் பாதுகாப்புக் கண்ணாடியை இதற்கும் அணிவது நல்லது.

இரண்டாம் படி: கம்பியின் உயரம்

கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளை ஃபிரெட் என்பார்கள். வீணையில் இருக்கும் மெட்டுகள்போல. 12ஆவது ஃபிரெட் கம்பியின் சரிபாதியில் இருக்கிறது. அங்கே கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். மெல்லிய கம்பியில் 2 மில்லிமீட்டரும் தடித்த கம்பியில் இரண்டரை மில்லிமீட்டரும் வசதியான அளவு. மலிவு கிட்டார்களில் மூன்றரை இருப்பதுண்டு.

உயரம் கூடினால் விரல் வலிப்பது மட்டுமன்று. கம்பியை அவ்வளவு தூரம் அழுத்தும்போது அது இழுபடுகிறது. இழுவிசை கூடினால் சுருதி ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் வெறும் கம்பியில் சுருதி சரியாக இருக்கும், அழுத்தி வாசித்தால் பிசகும். ‘கிட்டாரின் குரல் சரியில்லை’ என்று பலர் சொல்வது உண்மையில் இந்தச் சுருதிப் பிசகைத்தான்.

உயரத்தைக் குறைக்கச் சேடலின் அடிப்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். எவ்வளவு? கணித வகுப்பில் படித்த வடிவொத்த முக்கோணங்களை நினைவுபடுத்துங்கள். 12ஆவது ஃபிரெட் சரிபாதியில் இருப்பதால், சேடலை 1 மில்லிமீட்டர் குறைத்தால் அங்கே அரை மில்லிமீட்டர்தான் குறையும். அங்கே அரை மில்லிமீட்டர் குறைய வேண்டுமானால் சேடலில் 1 மில்லிமீட்டரைத் தேய்க்க வேண்டும். சேடலில் பென்சிலால் கோடு போட்டு, சமமான கண்ணாடித் தளத்தில் உப்புத்தாளை விரித்து, அடிப்பக்கம் சாயாமல் சிறிது சிறிதாகத் தேய்க்கலாம்.

இந்த இடத்தில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் நானும் ஒரு மலிவு கிட்டார் வாங்கினேன். ஒரே இரவில் சேடலைத் தேய்த்தேன். கழுத்துக்குள் இருக்கும் எஃகுத் தண்டையும் முறுக்கினேன். அத்துடன் கம்பியையும் மாற்றினேன். காலையில் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் கம்பி உரசி ‘கிர்ர்’ என்றது. மூன்றில் எது காரணம் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும் என்று மாணவர்களுக்குப் பாடம் எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தவன் நான்! தேய்த்த சேடலை மீண்டும் வளர்க்க முடியாது. புதிது வாங்க வேண்டியதாயிற்று.

ஆகவே தேய்ப்பதற்கு முன் புதுச் சேடல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அதைத் தேயுங்கள். பழையது பத்திரமாக இருக்கட்டும். கழுத்துத் தண்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். கழுத்து வளைந்திருப்பதாகத் தோன்றினால் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் காட்டுவதுதான் முறை.

எலும்பும் நூலும்

நெகிழிக்குப் பதில் மாட்டெலும்பில் செய்த சேடலைப் போட்டால் ஒலி தெளிவாகும் என்பார்கள். எலும்பு நெகிழியைவிடக் கடினமானது. உயர்ந்த மேற்சுரங்களை அது குறைவாகவே உறிஞ்சும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் எதில் செய்தது என்பதைவிடப் பொருத்தம் முக்கியம். சேடல் ஆடினாலும், அடியில் காகிதத்தை மடித்து வைத்திருந்தாலும், எலும்பாக இருந்தும் பயனில்லை. நெகிழிச் சேடலே பள்ளத்தின் அடியில் முழுதும் படிந்து உட்கார்ந்தால் மாற்றம் தெரியும்.

கம்பி உட்காரும் இடம் எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டியவர் நமக்குத் தெரிந்த ஒருவர்தான். திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சி.வி. ராமன். ஒளிச் சிதறலுக்காக 1930இல் நோபெல் பரிசு பெற்றவர் என்று அவரை அறிவோம். அதற்கு முன் கல்கத்தாவில் அவர் இசைக்கருவிகளை ஆராய்ந்தார்.

இங்கிலாந்தின் தாமஸ் யங் 1800ஆம் ஆண்டில் ஒரு விதி சொல்லியிருந்தார். கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசைவற்ற கணுவைக் கொண்ட மேற்சுரங்கள் எழாது. எடுத்துக்காட்டாக, சரிபாதியில் மீட்டினால் இரட்டைப்படை மேற்சுரங்கள் எழக்கூடாது. ஆனால் தம்பூராவிலும் வீணையிலும் அவை பலமாகவே கேட்பதை ராமன் கவனித்து 1921இல் எழுதினார். காரணம் குதிரையின் வடிவம். கிட்டாரின் சேடல்போல் கூர்மையாக இல்லாமல், அந்தக் கருவிகளின் குதிரை அகலமாகவும் மெல்ல வளைந்தும் இருக்கும். அதிரும் கம்பி அந்த வளைவில் பட்டுப் பட்டு விலகுவதால் மேற்சுரங்கள் புதிதாகப் பிறக்கின்றன.

தம்பூரா வாசிப்பவர்கள் குதிரைக்கும் கம்பிக்கும் இடையே ஒரு சிறு பருத்தி நூலை நுழைத்து, முன்னும் பின்னும் நகர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். சரியான இடம் வந்ததும் மந்தமாக இருந்த கம்பி ரீங்கரிக்கத் தொடங்கும். அந்த நூலை ஜீவா என்பார்கள். காசு பெறாத ஒரு நூல் ஒரு வாத்தியத்துக்கு உயிர் கொடுக்கிறது. லிட்டில் இந்தியா பக்கம் கச்சேரிக்குப் போனால் தம்பூரா சுருதி சேர்ப்பதை அருகில் நின்று பாருங்கள்.

நம் ஈரக்காற்று

சிங்கப்பூரில் ஒப்பு ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 விழுக்காட்டை ஒட்டிக் குறையும். ஆண்டுச் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல். கிட்டார் செய்பவர்கள் விரும்புவது 45 முதல் 55 விழுக்காடு.

மரம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நாருக்குக் குறுக்கே விரியும், கனக்கும், உள்ளுராய்வு கூடும். ஒலி மங்கும். மேற்பலகை மேல்நோக்கிப் புடைத்தால் அதன்மேல் இருக்கும் சேடலும் உயரும், கம்பியின் உயரமும் கூடும். டிசம்பர் மழையில் சரியாக இருந்த கிட்டார் திடீரென்று வாசிக்கக் கடினமாவதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் மலிவு கிட்டாருக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. ஒட்டுப்பலகையில் ஒரு தாள் விரியப் பார்த்தால் குறுக்கே ஒட்டியுள்ள தாள் அதைத் தடுக்கும். அதனால் ஒற்றைப் பலகையைவிட அது வடிவம் மாறாமல் நிற்கும். நம் ஊர்த் தட்பவெப்பத்தில் அடித்துப் பிடித்துப் புழங்க, தொடக்க மாணவருக்கு அது மோசமான தேர்வன்று.

செய்ய வேண்டியது எளிது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பிகளைத் துடையுங்கள். கிட்டாரை உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். சன்னலோரமும் காருக்குள்ளும் வேண்டாம். குளிரூட்டியின் காற்று நேராகப் படும் இடமும் வேண்டாம். எண்ணெய் பூசுவதால் பூச்சிட்ட மேற்பலகைக்குப் பலன் இல்லை. எண்ணெய் பூச்சைத் தாண்டி மரத்துக்குப் போவதே இல்லை.

காசில்லாத மூன்று வழிகள்

முதலாவது, மீட்டும் இடம். யங்கின் விதி கிட்டாருக்கு நன்றாகப் பொருந்தும். பிரிட்ஜை ஒட்டி மீட்டினால் உயர்ந்த மேற்சுரங்கள் கூடிக் கூர்மையாக ஒலிக்கும். துளைக்கு மேலோ கழுத்தை நோக்கியோ நகர்ந்தால் குரல் உருண்டு கனிவாகும். தகர டப்பாச் சத்தம் வருகிறதென்றால், கையை நான்கு விரற்கடை நகர்த்திப் பாருங்கள்.

இரண்டாவது, மீட்டும் வில்லை. மெல்லிய வில்லை பளிச்சென்ற ஒலியையும், தடித்த வில்லையோ விரல் சதையோ கனத்த ஒலியையும் தரும்.

மூன்றாவது, இடம். அந்த மாணவிக்குக் கீழ்த்தளத்தில் நன்றாகக் கேட்டதற்குக் காரணம் கிட்டார் அன்று. கான்கிரீட் தூண்களும் தரையும் கூரையும் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகின்றன. படுக்கையறையில் மெத்தையும் திரைச்சீலையும் அலமாரித் துணிகளும் ஒலியை விழுங்கிவிடுகின்றன. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1895இல் எதிரொலித்துக்கொண்டே இருந்த ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபின் என்ற இளம் ஆசிரியரிடம் கொடுக்கப்பட்டது. அவர் நாற்காலி மெத்தைகளைக் கூடத்துக்குள் கொண்டுவந்து, எத்தனை மெத்தைக்கு ஒலி எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் அப்படித்தான் தொடங்கியது. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசியுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி உங்கள் காதுக்கே வரும்.

கேட்பதை எல்லாம் நம்பலாமா?

விலை உயர்ந்த மரம் இருந்தால்தான் நல்ல ஒலி என்பது பலரின் நம்பிக்கை. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான ஆறு கிட்டார்கள். பின்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் மட்டும் வெவ்வேறு மரம். அரிய, விலை கூடிய மரமும் அவற்றில் இருந்தது. 52 கிட்டார் கலைஞர்கள் எது எந்த மரம் என்று பார்க்க முடியாத நிலையில் வாசித்து மதிப்பிட்டார்கள். மதிப்பீடுகளில் பெரிய வேறுபாடு இல்லை.

வாசிக்க வாசிக்க மரம் ‘திறந்துகொள்ளும்’ என்பதையும் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தினர் சோதித்தார்கள். ஒரே மரத்திலிருந்து செய்த இரட்டை வயலின்களில் ஒன்றைக் கலைஞர் தொடர்ந்து வாசித்தார். மற்றது சிட்னி அருங்காட்சியகத்தில் இருந்தது. மூன்றாண்டு கழித்து ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அது வயலின், கிட்டார் அன்று என்பது உண்மைதான். ஆனாலும் ஒலிபெருக்கிக்கு முன் ஓர் இரவு வைப்பதை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. மாதக்கணக்கில் வாசித்தால் கட்டாயம் மேம்படுவது உங்கள் விரல்கள்.

செய்து பாருங்கள்

கம்பி மாற்றுவதற்கு முன்பும் பின்பும் ஒலியைப் பதிவு செய்யுங்கள். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலி கைப்பேசியிலேயே அதிர்வெண் வரைபடத்தைக் காட்டும். கைப்பேசி துளையிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருக்கட்டும். அறை, வில்லை, மீட்டும் இடம் எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும்.

ஒரே விசையில் மீட்டுவது எப்படி? ஆய்வுக்கூடங்களில் ஓர் உத்தி உண்டு. மயிரிழை போன்ற செம்புக் கம்பியைக் கிட்டார் கம்பியில் வளையமாக மாட்டி, அது அறும்வரை மெதுவாக இழுப்பார்கள். ஒரே கனச் செம்பு ஏறக்குறைய ஒரே விசையில் அறுவதால் ஒவ்வொரு மீட்டும் ஒரே அளவாகிறது. பழைய மின்கம்பியைப் பிரித்தால் அத்தகைய இழைகள் கிடைக்கும். கண்ணாடி அணிய மறவாதீர்கள்.

வரைபடத்தில் உயர்ந்த மேற்சுரங்களின் முகடுகள் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். பிறகு காதுக்குத் தேர்வு வையுங்கள். நாணயத்தைச் சுண்டி, விழுவதற்கேற்பப் ‘பழைய’ அல்லது ‘புதிய’ பதிவை நண்பருக்குப் பத்து முறை போட்டுக் காட்டுங்கள். எது எதுவென்று அவர் சொல்லட்டும். ஐந்து சரியென்றால் அது குருட்டு ஊகம். வெறும் ஊகத்தில் ஒன்பதோ அதற்கு மேலோ சரியாகச் சொல்வதற்கான வாய்ப்பு 1024இல் 11, அதாவது ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். அவ்வளவு சரியாகச் சொன்னால் மாற்றம் உண்மையானது என்று நம்பலாம்.

அந்த மாணவியும் அப்படித்தான் செய்தார். முதல் வாரம் கம்பி மட்டும். தம்பி கண்ணை மூடிக்கொண்டே வேறுபாட்டைச் சொல்லிவிட்டான். இரண்டாம் வாரம் புது நெகிழிச் சேடலைத் தேய்த்துப் பொருத்தினார். சுருதிப் பிசகு குறைந்தது. மூன்றாம் வாரம் எலும்புச் சேடலை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தார். தம்பியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆகவே அதை வாங்கவில்லை. நாற்பது வெள்ளியில் பாதிக்கு மேல் மிஞ்சியது.

தோழியின் கிட்டார் அளவுக்கு அது ஒலிக்கிறதா என்றால், இல்லை. பலகை பலகைதான். ஆனால் தகர டப்பா என்று இப்போது அவர் சொல்வதில்லை. மிஞ்சிய பணத்தை என்ன செய்வது என்று கேட்டார். இன்னும் இரண்டு செட் கம்பி வாங்கி வைக்கச் சொன்னேன்.

உங்களுக்கு ஒரு கேள்வியோடு முடிக்கிறேன். 12ஆவது ஃபிரெட்டில் கம்பியின் உயரம் 3.2 மில்லிமீட்டர். அதை 2.5 ஆக்க வேண்டும். சேடலில் எத்தனை மில்லிமீட்டரைத் தேய்க்க வேண்டும்? உப்புத்தாளை எடுப்பதற்கு முன் விடையைத் தாளில் எழுதிச் சரிபாருங்கள்.